தெற்குக் காற்று

"டேய், துடுப்பு சேத்துல இடிக்குது. தண்ணி எங்கடா போச்சு?"

ஸ்டெஃபா துடுப்பை உருவிப் பார்த்தாள். நுனியில் கரிய சேறு அப்பியிருந்தது. தம்பி தாராஸ் மோட்டாரை மேலே தூக்கி வைத்துவிட்டு, காய்ந்த நாணல் பக்கமாகத் தூண்டிலை வீசினான்.

"காத்து தண்ணியை வடக்கே தள்ளிட்டுப் போயிடுச்சு" என்றான். "காத்து நின்னா திரும்பி வரும்."

"எப்ப நிக்கும்?"

"அதை என்கிட்ட கேட்டா?"

படகு ஒருபக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. அரை மணி நேரத்துக்கு முன்பு மீன் துள்ளிய இடம் இப்போது உழுத வயல் மாதிரி கிடந்தது.

ஊர் மண்டபத்தில் இன்று பருவக் கடைசி விருந்து. இந்த வாரத்தோடு படகுகளைக் கரையேற்றிவிடுவார்கள். அப்புறம் ஏரி உறைந்துவிடும். சமையல் பொறுப்பு முழுக்க ஸ்டெஃபாவுடையது. பைரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவளிடம் வந்து, "நாலு வால்ஐ மீன் குறையுதுன்னு புலம்பினியே, வா அக்கா, ஒரு மணி நேரத்துல பிடிச்சுட்டு வந்துடலாம்" என்று கையோடு இழுத்துவந்தவன் தாராஸ்தான்.

"ஃப்ரீசர் சாவி என் கோட்டுல இருக்குடா. மொத்த மீனும் ஃப்ரீசருக்குள்ள. நூறு பேர் வந்து வெறும் தட்டைப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பாங்க."

அவன் எழுந்தான், உட்கார்ந்தான். இரையை மாற்றினான். மாற்றிய இரையைத் தண்ணீரில் போடாமலே மறுபடி மாற்றினான்.

நாணலுக்கு அப்பால் மண்டபத்துக் கூரை தெரிந்தது. ஸ்டெஃபா கையைக் குவித்துக் கத்திப் பார்த்தாள். எதிர்க்காற்று அவள் குரலை வாய்க்குள்ளேயே திணித்தது. அங்கிருந்து மட்டும் எல்லாம் தெளிவாக வந்தது: அக்கார்டியன் சத்தம், வெங்காயம் வதங்கும் வாசனை, யாரோ வெடித்துச் சிரிப்பது.

தாராஸ் சட்டென்று ஒரு காலைப் படகுக்கு வெளியே தொங்கவிட்டான்.

"எங்கடா?"

"நடந்தே போயிடலாமான்னு..."

"நீ போயிடுவே. போன மாசம்தான் முட்டியில கத்தி வச்சிருக்காங்க, நான் எப்படி இந்தச் சேத்துல இறங்குறது?"

அவன் காலை உள்ளே இழுத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் மறுபடி தொங்கவிட்டான். மறுபடி இழுத்துக்கொண்டான்.

நாணல் ஓரத்தில் மிச்சமிருந்த ஓடையில் அவன் தூண்டில் வளைந்தது. நீள மூக்குப் பைக் மீன். கை நீளம் இருக்கும். வேறு நாளாக இருந்தால் அவன் போட்ட கூச்சலில் வாத்தெல்லாம் பறந்திருக்கும். இன்று பாதி இழுக்கும்போதே அவன் கவனம் மண்டபத்துப் பக்கம் போய்விட்டது. மீன் தூண்டில் நரம்பைக் கடித்து அறுத்துக்கொண்டு போயிற்று.

"அதையாவது ஒழுங்காப் பிடிச்சியா? கை ஏன் இப்படி நடுங்குது?"

"குளிர்."

"ஃப்ளாஸ்க் டீ மொத்தத்தையும் நீயேதான் குடிச்சே. எனக்கு நடுங்கலையே." அவளுக்கு அழுகை முட்டியது. "போன வருஷ விருந்துல நீ பண்ணின கூத்துக்கே நான் இன்னும் தலை நிமிர முடியலை. இந்த வருஷம் விருந்தையே கெடுத்துட்டே. முப்பது வருஷமா இந்த ஏரியில சுத்துறே, காத்து என்ன பண்ணும்னு தெரியாதா உனக்கு?"

"தெரியாமப் போச்சு அக்கா. திட்டு. நல்லாத் திட்டு."

அவள் குறை வைக்காமல் திட்டினாள். அவன் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். அவள் ஓய்ந்தபோதெல்லாம், "அப்புறம்? சொல்லு" என்றான். அது அவளுக்கு இன்னும் எரிச்சலை மூட்டியது.

பொழுது சாயும் நேரத்தில் அக்கார்டியன் நின்றது. பிறகு காற்றும் தளர்ந்தது. சேற்றின் மேல் தண்ணீர் சத்தமில்லாமல் ஊர்ந்து வந்து படகைத் தூக்கியது. தாராஸ் மோட்டாரை இறக்கினான்.

படகுத்துறையில் பெரியவர் வாசில் நின்றிருந்தார்.

"கவலைப்படாதே ஸ்டெஃபா, பூட்டை உடைச்சு மீனை எடுத்துப் பொரிச்சுட்டோம். உன் கைப்பக்குவம் இல்லைன்னுதான் எல்லாருக்கும் குறை. இப்பதான் கலைஞ்சு போறாங்க."

ஸ்டெஃபாவுக்கு மூச்சு வந்தது. வாசில் தாராஸ் பக்கம் திரும்பினார்.

"ஏண்டா, தெக்குக் காத்து கிளம்பிடுச்சு, மத்தியானத்துக்குள்ள அந்த மூலை வத்திடும்னு காலையில என்கிட்ட சொன்னதே நீதானே? அப்புறம் எதுக்கு அங்கேயே போய் மாட்டினே?"

ஸ்டெஃபா தம்பியை வெறித்துப் பார்த்தாள்.

அவன் படகுக் கயிற்றைக் கட்டுத்தறியில் கட்டி முடித்தான்.

"பீர் பீப்பாய் காலியாயிடுச்சா மாமா?"

"அது எப்பவோ காலி."

தாராஸ் படகிலேயே உட்கார்ந்துவிட்டான். முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டான்.

"விட்டுடணும்னு பார்க்கிறேன் அக்கா" என்றான். "தனியா போயிருந்தா சேத்துல நீந்தியாவது வந்து குடிச்சிருப்பேன், உன்னை நடு ஏரியில விட்டுட்டு வர மட்டும் என்னால முடியாது, அதான் உன்னைக் கூட்டிட்டுப் போனேன்."