கொண்டுவந்த பாட்டில்

பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான் அல்போன்ஸ்.

அவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. பரிமாறியவளின் முகத்தை எவன் ஞாபகம் வைத்திருக்கிறான்?

"நல்ல வருஷத்து ஒயின், மேடம்" என்றான், லேபிளைப் படித்துவிட்டு.

அவள் சிரித்து வைத்தாள்.

எதிரே அவள் புருஷன் குமரவேல் மெனுவைப் புரட்டி, சோறு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தான். அவனுக்கு இது கல்யாண நாள் சாப்பாடு. அப்படிச் சொல்லித்தான் கூட்டி வந்திருந்தாள்.

நான்கு வருஷம்.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். அவள் ஆறவே விடவில்லை.

அப்போது இருவரும் வேலை பார்த்த ஓட்டலில் அல்போன்ஸ்தான் ஒயினுக்குத் தலைமை. அவள் பரிமாறுகிறவள். ஒரு மதியம், பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்த மேசையில் அவன் திறந்த பாட்டில் கெட்டிருந்தது. அவள் மூக்குக்கு எட்டிவிட்டது. காதோடு காதாகத்தான் சொன்னாள்.

அவன் மேசைக்கே கேட்கும்படி, ஆங்கிலத்தில் சொன்னான்.

"ரசம் குடித்த மூக்குக்கு ஒயினைப் பற்றி என்ன தெரியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வாய் குடித்ததும் எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். அந்த நிமிஷமே, பாட்டிலைச் சூட்டில் வைத்துக் கெடுத்தவள் இவள்தான் என்று அவளைக் கைகாட்டிவிட்டான். சாயங்காலத்துக்குள் வேலை போயிற்று.

அவனும் ரசம் குடித்து வளர்ந்தவன்தான். அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

செய்யாத குற்றத்துக்குத் தண்டனை வாங்கியாயிற்று. குற்றத்தையாவது செய்துவிடலாம் என்று தோன்றியது.

விலை பார்க்காமல் ஒரு பாட்டில் வாங்கினாள். வீவக அடுக்குமாடி வீட்டின் சமையலறையில், அடுப்புக்கு மேல் இருந்த தட்டில் வைத்தாள். மூன்று வருஷம் சாம்பார் கொதிக்கிற சூட்டில் அது வெந்தது.

பிறகு இடம் தேடினாள்.

வெளிப் பாட்டிலை உள்ளே விடுகிற பெரிய உணவகமாக இருக்க வேண்டும். அங்கே அவனும் வேலை பார்க்க வேண்டும். இரண்டும் கூடி வருவது மாப்பிள்ளை அமைவதைவிடக் கஷ்டம். அவன் முதலில் போன இடத்தில் வெளிப் பாட்டில் என்ற பேச்சே கூடாது. அடுத்த இடத்தில் திங்கட்கிழமை மட்டும் விடுவார்கள். திங்கட்கிழமை அவனுக்கு லீவு. படுபாவி.

மூன்றாவது, மரங்களுக்கு நடுவே இருக்கும் இந்தப் பழைய பங்களா. எங்கள் பட்டியலில் இல்லாத ஒயின் என்றால் தாராளமாகக் கொண்டு வாருங்கள், திறந்து தருவதற்கு மட்டும் கட்டணம் என்றார்கள் போனில். போனை வைத்துவிட்டு அன்றைக்குப் பாயசம் வைத்தாள்.

அல்போன்ஸ் கையில் மூடி கழன்றது.

நாற்றம் மேசையைத் தாண்டி வந்தது. ஊசிப்போன புளிக்காய்ச்சல். குமரவேல்கூட மெனுவிலிருந்து தலையைத் தூக்கினான்.

சொந்த பாட்டிலோடு வருகிறவர்கள், திறப்பவருக்கு முதல் வாயைக் கொடுப்பது இங்கே மரியாதை.

"நீங்களே முதல்ல பாருங்க" என்றாள்.

கெட்டுவிட்டது என்று அவன் சொல்ல வேண்டும். அவள் எழுந்து நிற்க வேண்டும். இதையேதான் நான் அன்றைக்குச் சொன்னேன் என்று கூடமே திரும்பிப் பார்க்கும்படி சொல்ல வேண்டும். கண்ணாடி முன் நின்று பழகியிருந்தாள்.

அவன் கிளாஸைச் சுழற்றினான். மூக்கை உள்ளே விட்டான். ஒரு வாய் குடித்தான்.

"பிரமாதம், மேடம். பழ வாசனை தூக்கலா இருக்கு."

அவள் கிளாஸைப் பார்த்தாள்.

அப்புறம்தான் அவன் கண்ணைப் பார்த்தாள். அது கிளாஸில் இல்லை, அவள் முகத்தில் இருந்தது. பரீட்சையில் பக்கத்து பெஞ்சை எட்டிப் பார்க்கிறவன் மாதிரி, சரியாகச் சொல்லிவிட்டோமா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு வாசனையே தெரியவில்லை. எந்தக் காய்ச்சலில் போயிற்றோ, எத்தனை மாதமாக இப்படி ஒப்பேற்றுகிறானோ. நாக்குக்குப் புளிப்பு மட்டும் எட்டியிருக்கும். ஒயின் என்றால் புளிக்கத்தானே செய்யும்.

ஐயோ பாவம் என்று வந்தது. நிஜமாகவே வந்தது.

வந்ததை அங்கேயே உட்கார வைத்தாள்.

உணவகத்தின் முதலாளியம்மா, வெள்ளைத் தலைச் சீன அம்மாள், மேசை மேசையாக நலம் விசாரித்துக்கொண்டு வந்தார். பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஒயினையும் தானே முகர்ந்து பார்த்து எடுக்கிறவர். போனில் பேசியவர்கள் அதைப் பெருமையாகச் சொல்லியிருந்தார்கள்.

அவள் எழுந்து நிற்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. அந்த அம்மாளுக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்திலேயே சொன்னாள்.

"அல்போன்ஸ், பிரமாதம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். அம்மாவுக்கும் ஒரு கிளாஸ் ஊற்றுங்கள்."

பெயரைக் கேட்டு அவன் நிமிர்ந்தான். அவன் பெயரை இங்கே யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

ஊற்றினான். வேறென்ன செய்வான்?

முதலாளியம்மா நன்றி சொல்லி, கிளாஸைக் கையில் எடுத்தார்.

அவன் மறுபடி அவள் முகத்தைப் பார்த்தான்.

இந்த முறை அவள் எதையும் மறைக்கவில்லை.