வெள்ளைச் சேவலின் கழுத்திறகு

நிச்சயதாம்பூலத் தட்டோடு வந்த வீட்டில் கோழி இறகு கிடந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

கால் கழுவப் பின்கட்டுக்குப் போன சிவசண்முகம் பிள்ளை, அங்கே இருந்த தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். உள்ளே அத்தனையும் வெள்ளைச் சேவலின் கழுத்திறகு.

மாப்பிள்ளை ஆகப்போகிற பரமசிவன் எழுந்து நின்றான்.

"இது என்னவே?"

"இறகு மாமா."

"எனக்கும் கண்ணு இருக்கு. சைவ வீட்டுல இது எதுக்குன்னு கேக்கேன்."

பிள்ளை பருப்பு வியாபாரி. மூட்டையின் அடிவரைக்கும் கை விட்டுப் பார்க்காமல் விலை பேசமாட்டார். மகளைக் கொடுக்கிற இடத்தில் மட்டும் மேலோடு பார்த்துவிட்டோமோ என்று பெட்டியை அடிவரைக்கும் கிளறினார்.

"துரைக்குத் தூண்டில் கட்டிக் குடுக்கேன்," என்றான் பரமசிவன். வெள்ளைக்காரக் கலெக்டரின் கச்சேரியில் குமாஸ்தா அவன். "லீவுன்னா புன்னைக்காயலுக்குப் போயிருவாரு, கடல்மீனு பிடிக்க."

"இறகைத் திங்க மீனு வருமாக்கும். யாருகிட்டவே கதை விடுதீரு? கட்டும், பாப்போம்."

பரமசிவன் உட்கார்ந்து, பெரிய தூண்டில் முள் ஒன்றைக் கால்விரல் இடுக்கில் இறுக்கிக்கொண்டான். முள்ளின் வளைவருகே இரண்டு இறகை வால்போல் வைத்துக் கட்டினான். தண்டு முழுக்க வெள்ளி ஜரிகையை நெருக்கிச் சுற்றினான். முள்ளின் கழுத்தில் இன்னொரு இறகைச் சுழற்றி, சிவப்புப் பட்டுநூலால் முடிந்து, நூலைப் பிடித்து ஆட்டினான்.

குட்டி மீன் ஒன்று துள்ளியது.

"கொடுவா மீனு இதை மீன்குஞ்சுன்னு நம்பி விழுங்கிரும் மாமா."

கைவேலை சுத்தம்தான். பிள்ளையின் சந்தேகம் மட்டும் தீரவில்லை.

"சரி, நீரு திங்கல. கோழி தானா வந்து உதுத்துட்டுப் போச்சா? எந்த வீட்டுல அறுத்தது?"

பரமசிவன் சிதறிய இறகைப் பெட்டிக்குள் அள்ளிப் போட்டான்.

"கேக்கம்லா?"

"அதை மட்டும் கேக்காதீங்க மாமா."

"ஏன், அங்கன போயி கை நனைக்கீரோ?"

"இல்ல. அதுக்கு மேல சொல்லமாட்டேன்."

போன ஐப்பசியில் இருமி இருமி எலும்பும் தோலுமாகக் கிடந்த மனிதர் பிள்ளை. வைத்தியரின் கஷாயம் மூன்றே மாதத்தில் எழுப்பி உட்கார வைத்திருந்தது. இப்போது அவர் போட்ட சத்தம் தெருமுனைக்குக் கேட்டது.

"சொல்லாட்டா எம்பொண்ணு கிடையாது. பிரம்மநாயகி, தட்டை எடு. போவோம்."

பரமசிவனின் முகம் வெளுத்தது. தலையைக் குனிந்து பெட்டியை மூடினான்.

தட்டை எடுக்கக் குனிந்த அவர் மனைவி பிரம்மநாயகி, எடுக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தப் பிள்ளையைப் போட்டு நோண்டாதீங்க. நம்ம மாட்டுத் தொழுவுல வச்சு, வேலைக்காரி இசக்கியம்மாதான் உரிச்சா. வெளிய தெரியப்பிடாதுன்னு இறகை இங்கன குடுக்கச் சொன்னது நான்."

"நம்ம தொழுவுலயா? நம்ம வீட்டுல யாருட்டி கோழி தின்னுதா?"

அவள் புருஷன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"யாரும் திங்கல. வைத்தியர் சொன்னாருன்னு, மூணு மாசமா சனிக்கிழமை தவறாம, சாறு எடுத்து கஷாயத்துல கலந்து குடிக்கத்தான் குடுத்தேன். உங்களுக்கு."