ரசிகர் பிரிவு

உலகக் கோப்பை வருகிறது என்று, எங்கள் தூத்துக்குடிப் பள்ளியின் மூன்றாம் வகுப்புக்கு ஒரு நிறுவனம் ஒரு மாதமாகத் திரையில் ரக்பி பாடம் நடத்தியது. அது முடிந்த அன்று அவர்கள் அனுப்பிய பெட்டியும் வந்தது. ஆசையாகப் பிரித்தேன். நாற்பது பனியன், நாற்பது கொடி, பலமாகக் கைதட்டினால் பச்சை விளக்கு எரியும் நாற்பது கைப்பட்டை. பந்து இல்லை.

நிறுவனத்துக்குப் போன் போட்டேன்.

"பந்து எதுக்கு மேடம்? விளையாடப் போறவங்கள மூணு வயசுலயே பிரிச்சு எடுத்தாச்சு. உங்க பிள்ளைங்க ரசிகர் பிரிவு" என்றான் ஒருவன்.

இருபது வருடமாக பி.டி. டீச்சராக இருக்கிறேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். ஸ்டோர் ரூமைக் குடைந்து, என் கல்லூரிக் காலத்து ரக்பி பந்துக்குக் காற்றடித்தேன். கொடியும் பட்டையுமாக இருந்த பிள்ளைகளை மைதானத்துக்கு இழுத்துப் போனேன்.

"இத எப்படிட்டி பாஸ் பண்ணணும்?"

"பின்னாடிதான் போடணும் டீச்சர்!" நாற்பது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். விதியெல்லாம் அத்துப்படி.

பந்தை உதைத்தேன். அது தரையில் பட்டு, கோணலாக எகிறி, முன்வரிசையில் நின்ற ஜெர்லினின் காலடிக்கு வந்தது.

"ஏட்டி, எடுத்துட்டு ஓடு!"

ஜெர்லின் பந்தைப் பார்த்தாள். எடுக்க வேண்டியவர் வரட்டும் என்று ஒதுங்கி வழிவிட்டுக் கொடியை ஆட்டினாள். மற்றவர்கள் கைதட்டினார்கள். பட்டைகள் எல்லாம் பச்சையாக எரிந்தன.

ஆத்திரத்தில் விசிலை ஊதினேன். அதற்கும் கைதட்டினார்கள்.