கொஞ்சம் தள்ளிக்குங்க

ஓர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் சர்வருக்குள் மாதாந்திர அறிக்கை என்னும் குண்டான வேலை ஒன்று உட்கார்ந்து, நோயாளிகளின் பெயர்களை எண்ணிக்கொண்டிருந்தது. டாக்டர்களும் நர்ஸுகளும் தட்டிவிடும் சின்னச் சின்னக் கேள்விகள் ஓடிவந்து, "அண்ணே, கொஞ்சம் தள்ளிக்குங்க, ஒரே நிமிஷம்!" என்று முன்னால் புகுந்தன.

"உங்க ஒரு நிமிஷத்துலயே என் பொழுது போயிடுது," என்று அறிக்கை முணுமுணுக்கும், தள்ளியும் கொள்ளும்.

அப்போது ஒரு கேள்வி மூச்சிரைக்க வந்தது. "அண்ணே, மூணாம் வார்டு தணிகைவேலுக்கு எந்த மருந்து ஆகாதுன்னு டாக்டர் அவசரமா..."

"என்கிட்ட என்ன பேச்சு, உள்ளே போ!" என்று எண்ணியதையெல்லாம் அப்படியே போட்டுவிட்டு எழுந்தது அறிக்கை.

மூன்று நாள் கழித்துத்தான் கூட்டம் ஓய்ந்தது. அறிக்கை முதலிலிருந்து எண்ணியது. தணிகைவேலின் பெயருக்கு நேரே, 'குணமாகி வீடு திரும்பினார்' என்றிருந்தது.

கணக்கு உதைக்கும் என்று தெரிந்தும், அந்தப் பெயரை மட்டும் அது இரண்டு தடவை எண்ணியது.