ஆணி அடிக்காத சுவர்

"சுவரை அறுக்கணும்னு வந்துட்டீங்க. சுவர்னா என்னன்னு தெரியுமா அம்மா?"

மிரங்கிடம் இப்படிக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பார்லித் தேநீரை உறிஞ்சினார் பியோ. இஞ்சியோன் நகரில் அந்தப் பதினைந்து மாடிக் குடியிருப்பின் சங்கத்துக்கு மூன்றாவது முறையாகத் தலைவர். அவர் கேள்விகள் பதிலை எதிர்பார்ப்பதில்லை.

"நம்ம கட்டடத்துல தூணே கிடையாது. சுவர்தான் எல்லாத்தையும் தாங்குது. முதுகெலும்பு மாதிரி!"

"தெரியும் தலைவரே. அதனாலதான் சுத்தியலே எடுக்கப் போறதில்ல. முதல்ல முட்டுக் கொடுத்து, அதிராம ரம்பத்தால அறுத்து, வாசலைச் சுத்தி இரும்புச் சட்டம் வெச்சு இறுக்கிடுவாங்க. வரைபடத்தைப் பிரிச்சுப் பாருங்களேன்."

"நான் பார்க்காத வரைபடமா?" என்று அதைப் பிரிக்காமலே தள்ளிவைத்தார்.

மிரங்கின் வீடு ஐந்தாவது மாடி. பக்கவாதம் வந்த கணவர் தொக்சுவின் சக்கர நாற்காலி, குளியலறைக்குப் போகும் குறுகலில் திரும்பவில்லை. நான்கு மாதமாக அவருக்கு ஈரத்துண்டுக் குளியல்தான். படுக்கையறைச் சுவரில் நேராக ஒரு வாசல் திறந்தால் போதும். அந்த ஊர் வழக்கப்படி, காசு கொடுத்து வாங்க வேண்டிய மாநகராட்சிக் குப்பைப் பையில் வீட்டுக்கு ஒரு கட்டு அன்பளிப்பாகக் கொடுத்து எல்லோரிடமும் சம்மதம் வாங்கிவிட்டாள். நேர் கீழே நான்காவது மாடியில் இருக்கும் தலைவர், கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் முத்திரை மட்டும் பாக்கி. அது இல்லாமல் மாநகராட்சியில் மனுவை வாங்கவே மாட்டார்கள்.

குப்பைப் பைக் கட்டு எப்போதோ தலைவரின் தொடைக்கடியில் போய்விட்டது. முத்திரைதான் வெளியே வரவில்லை.

"இருபத்திரண்டு வருஷமா இங்க இருக்கேன். அந்தச் சுவர்ல ஒரு ஆணி அடிச்சிருப்பேனா?"

கட்டைவிரலால் முதுகுக்குப் பின்னால் காட்டினார். அங்கே சுவர் தெரியவில்லை. எட்டு மடிப்புத் திரை ஒன்று அதை மறைத்து நின்றது. மடிப்புக்கு ஒரு புலி.

அந்த நேரம் பார்த்துப் புலிகளுக்குப் பின்னாலிருந்து கழிவறைத் தண்ணீர் தடதடவென்று இறங்கியது.

"இருபது சென்டிமீட்டர் கான்கிரீட்டுன்னாங்க. காதுக்குள்ளயே ஊத்தற மாதிரி கேக்குதே தலைவரே?"

"பழைய கட்டடம்மா. சத்தம் வரத்தான் செய்யும்."

"ஆமாமா. புலிக்கும் அவசரம் வருமில்ல."

தலைவர் இருமினார். "விதின்னா விதிதான். முத்திரை வைக்க மாட்டேன்."

மிரங் வரைபடத்தைச் சுருட்டினாள். "நியாயம்தான். உங்க அக்கறை வேற யாருக்கு வரும்? அப்ப இன்ஜினியரம்மாவை நாளைக்கே இங்க வரச் சொல்றேன். எங்க வாசலோட பாரம் உங்க சுவர்லதானே இறங்கும்? மெஷின் வெச்சுப் பார்த்து, சுவர் முழுசா இருக்குன்னு எழுதிக் கொடுத்துட்டா உங்களுக்கும் நிம்மதி. இந்தத் திரையை மட்டும் நகர்த்தணும்."

"திரையையா?"

"பத்து நிமிஷம்தான்."

"அது... முப்பாட்டன் காலத்துத் திரைம்மா. கனம் ஜாஸ்தி."

"அதுக்கென்ன, சங்கத்து ஆளுங்க எல்லாரையும் கூப்பிட்டுடறேன்."

பட்டுப் பையிலிருந்து முத்திரை வெளியே வந்த வேகத்தில் தேநீர்க் கோப்பை கவிழ்ந்தது. கேட்ட இடத்தில் ஒன்றும் கேட்காத இடங்களில் இரண்டுமாக அழுத்தித் தள்ளினார் தலைவர்.

"ஒரு மனுஷன் குளிக்க முடியாம கெடக்கறான், இதுல சோதனை வேறயா? இன்ஜினியரை எல்லாம் அலைய விடாதீங்கம்மா!" என்றவர், வாசல்வரை வந்து கையில் இரண்டு ஆரஞ்சும் திணித்தார்.

மேலே தொக்சு கதவருகே நாற்காலியில் காத்திருந்தார். மூன்று முத்திரைகளைப் பார்த்ததும் அவர் சிரிப்பு ஒரு பக்கமாகக் கோணியது.

"பயந்துட்டாரா?"

"வேர்த்தே போச்சுங்க. வரைபடத்தைப் பிரிச்சிருந்தா அவர் திரைக்குப் பின்னால இருக்கற வாசலும் அதுல இருந்திருக்கும். பாவம், சொல்லியே இருக்கலாம்."

"என்னன்னு? 'அன்னைக்குத் தூசிக்கு முகத்தை மூடிட்டு வந்து உங்க கழிவறை வாசலை அறுத்தவன் என் புருஷன்தான்'னா? 'இரும்பெல்லாம் எதுக்கு, சீக்கிரம் முடி'ன்னுட்டு ஊருக்குப் போனவரு அவரு. மனசு கேக்காம நான்தான் சட்டத்தை வெச்சுப் பூசி மறைச்சேன்."

"அப்ப, ஊர்ல வேற வீடே இல்லாத மாதிரி அவர் தலைமேலயே வந்து குடியேறினோமே, அது எதுக்கு?"

"பின்னே? இந்தக் கட்டடத்துல எந்தச் சுவர் உறுதின்னு எனக்கு ஒருத்தனுக்குத்தானே தெரியும்!"