ஒரு ஃபைல் குறையுது

“உம் மாப்பிள்ளைக்கு எண்ணத் தெரியுமா, தெரியாதாம்மா? மூணு ஃபைல் அனுப்பணும். வாராவாரம் ரெண்டுதான் வருது!”

சனிக்கிழமை பத்து மணிக்கு ஜஸீமா உள்ளே கால் வைத்ததுமே ஆறுமுகச்சாமி அண்ணாச்சி ஆரம்பித்துவிடுவார். ஒன்பது மணிக்கே கடையைத் திறந்து, மெயிலில் வந்த ஃபைல்களை இறக்கி வைத்துவிட்டு, திட்டுவதற்கென்றே காத்திருப்பார் போல.

சங்கரன்கோவிலில் விசைத்தறிகளுக்கு சர்க்யூட் போர்டு செய்கிற கடை. நூல் அறுந்தால் தறியை நிறுத்துகிற போர்டு. அதை வரைந்து அனுப்புவது சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கிற அவள் கணவன் நியாஸ் அகமது. கோடுகளுக்கு ஒரு ஃபைல், துளைகளுக்கு ஒன்று, போர்டின் விளிம்புக்கு ஒன்று. மூன்றையும் கம்ப்யூட்டரில் சேர்த்து, எந்த இடத்தில் செம்பைச் சீவ வேண்டும், எங்கே துளை போட வேண்டும் என்று மில்லிங் மெஷினுக்குப் புரிகிற மாதிரி தயார் செய்வது ஜஸீமாவின் வேலை. ஒன்று குறைந்தாலும் மெஷின் சும்மா நிற்கும்.

“கேட்டு வாங்கும்மா. உலகத்துல வரையுததுக்கு வேற ஆளா இல்ல?”

அவள் போனை எடுப்பாள். “டிரில் ஃபைல் வரலை” என்று அனுப்புவாள். “அனுப்பிட்டேன்” என்று பதில் வரும். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் பேச்சு அவ்வளவுதான்.

பதினாலு வாரமாக இந்தக் கூத்து. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வருகிறேன் என்றவன், அவளை ஒரு வார்த்தை கேட்காமல் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

“அப்ப அங்கனயே இருங்க. இனிமே எனக்குப் போன் பண்ண வேண்டாம்” என்று வைத்துவிட்டாள். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அவனும் ரோஷக்காரன். பண்ணவே இல்லை.

மறுநாள் வீங்கிய கண்ணோடு கடைக்குப் போனாள். அண்ணாச்சி ஏன் என்று கேட்கவில்லை. சரியான கல்லுளிமங்கன்.

அந்த வாரத்திலிருந்துதான் ஃபைல் குறைய ஆரம்பித்தது. ஒரு வாரம் துளை இருக்காது, ஒரு வாரம் விளிம்பு இருக்காது. தலைமுடி கனத்துக்குக்கூடக் கோடு பிசகாத மனுஷன் இப்படி மறப்பானா? மாட்டான். என்னோடு பேசத்தான் வேண்டுமென்றே விடுகிறான் என்று ஜஸீமா கண்டுபிடித்தாள். முதலில் இறங்கி வந்தது அவன்தான் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆனாலும் அந்த ‘அனுப்பிட்டேன்’ என்கிற ஒற்றைச் சொல்லை வாரம் முழுக்க எத்தனை தடவை எடுத்துப் பார்த்தாள் என்பது அவளுக்கும் அந்தப் போனுக்கும்தான் தெரியும். ஏங்கிப் போயிருந்தாள்.

இந்தச் சனிக்கிழமை அண்ணாச்சி கடையில் இல்லை. ராயகிரியில் ஒரு கல்யாணம். சாவியைப் பக்கத்து டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஜஸீமாவே மெயிலைத் திறந்து ஃபைல்களை இறக்கினாள்.

மூன்று ஃபைலும் இருந்தன.

மறுபடி எண்ணினாள். ஒவ்வொன்றாகத் திறந்தும் பார்த்தாள். கோடு சரி. துளை சரி. விளிம்பு நாலு மூலையும் மூடியிருந்தது. குறை சொல்ல ஒரு புள்ளிகூட இல்லை.

சலித்துவிட்டதா அவனுக்கு? இனி என்னிடம் பேச ஒன்றுமே இல்லையா?

டிரில் ஃபைலைத் தூக்கி ரீசைக்கிள் பின்னில் போட்டுவிட்டு, போனை எடுத்தாள்.

“டிரில் ஃபைல் வரலை.”

ஐந்து நிமிடம் பதில் இல்லை. பிறகு போனே அடித்தது.

“ஜஸீமா...” பதினாலு வாரம் கழித்து அவன் குரல். “இன்னும் எத்தனை வாரத்துக்குப் புள்ள இப்படிப் பொய் சொல்லுவே?”

கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள்.

“மச்சான், சத்தியமா இன்னிக்கு ஒருநாள்தான் பொய் சொன்னேன்.”

“அப்ப மத்த வாரமெல்லாம்?”

“அதெல்லாம் நீங்கதானே வேணும்னே விட்டுட்டு அனுப்புனீங்க!”

“நானா? அல்லா மேல ஆணையாச் சொல்லுதேன், எல்லா வாரமும் மூணையும் எண்ணித்தான் அனுப்புனேன். நீதான் எங்கிட்டப் பேசணும்னு ஃபைல் வரலை, வரலைன்னு சொல்லுதன்னு நெனச்சேன். அவளே எறங்கி வந்துட்டான்னு...”

யார் முதலில் சிரித்தார்கள், யார் முதலில் அழுதார்கள் என்று சொல்ல முடியாது.

“ஒன்னக் கேக்காமக் கையெழுத்துப் போட்டது தப்புதான் புள்ள. அடுத்த மாசம் லீவு கேக்குதேன். வாரேன்.”

“வாங்க மச்சான்” என்றாள்.

போனை வைத்துக் கண்ணைத் துடைத்தபோதுதான் மெஷின் ஞாபகம் வந்தது. கல்யாணச் சாப்பாட்டை முடித்துவிட்டு அண்ணாச்சி வந்தால், எண்ணத் தெரியுமா என்று அந்த மனுஷனைத் திரும்பவும் ஏசுவார். போட்ட ஃபைலை மீட்க, அவள் முதன்முறையாக ரீசைக்கிள் பின்னைத் திறந்தாள்.

இன்றைக்கு அவள் போட்டது மேலே கிடந்தது. அதற்குக் கீழே வரிசையாக இன்னும் பதினாலு ஃபைல்கள், எல்லாமே சனிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு அழிக்கப்பட்டவை.