விடிந்தால் துடைப்பவர்

“இதை நீங்களே வச்சுக்குங்க. வேணாம்னா குப்பைத் தொட்டி எங்கேன்னு காட்டுங்க.”

காய்கறிப் பைக்குள்ளிருந்து பைனாகுலர் பெட்டியையும் ஒரு சின்ன ஜிப் பையையும் எடுத்து, மேஜை மேல் தொப்பென்று வைத்தாள் அந்த அம்மாள்.

லென்ஸ் ரிப்பேர்க்காரர் பதறிப்போனார். “மெதுவாம்மா! அது மேல என்ன கோபம்?”

“என் வீட்டுக்காரர் பறவை பார்க்கப் போயே ரெண்டு வருஷமாச்சு. முட்டி வலி. ஆனா விடிஞ்சா போதும், ஜன்னலோரம் முதுகைக் காட்டி உக்காந்துக்கிட்டு, புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்தடிக்கிறதென்ன, பிரஷ் போடுறதென்ன, துணியால தடவுறதென்ன! எனக்கு ஒருநாள் தலைவலின்னு தைலம் தடவியிருப்பாரா?”

அந்த பைனாகுலர் ரப்பர் சட்டை போட்ட சக்களத்தி என்றுதான் அவள் முடிவே கட்டியிருந்தாள்.

“கண்ணால பார்த்தீங்களா?”

“படுக்கையிலேர்ந்து பார்ப்பேன். கண்ணாடி போடலேன்னா எனக்கு ஆளும் அலமாரியும் ஒண்ணுதான். ஆனா சத்தம் கேக்குமே!”

சொல்லும்போதே கண் கலங்கியது. கண்ணாடியைக் கழற்றி, காய்கறிப் பையின் நுனியால் பரபரவென்று துடைத்தாள். ரிப்பேர்க்காரருக்குப் பல் கூசியது.

பெட்டியைத் திறந்தார். பைனாகுலர் வெளியே வர மறுத்தது. இழுத்து எடுத்தால், ரப்பர் உறை பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. லென்ஸில் பூஞ்சை வேறு.

“அம்மா, இதை ரெண்டு வருஷமா யாரும் தொடவே இல்லை. துடைக்காம, காத்துப் படாம மூடியே வச்சிருந்தாத்தான் ரப்பர் இப்படிப் பிசினாகும்.”

அம்மாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அப்போ தினமும் எதைத் துடைக்கிறார்?”

அவர் ஜிப் பையைத் திறந்தார். காற்றடிக்கும் ரப்பர் பந்து, பிரஷ், மெத்தென்ற துணி.

“எல்லாம் நம்ம கடைச் சாமான்! தொப்பிக்கார ஸார் வீட்டம்மாவா நீங்க? துணி தேயத் தேய வந்து புதுசு வாங்கிட்டுப் போவாரே. பைனாகுலருக்கான்னு ஒருநாள் கேட்டேன்.”

“என்ன சொன்னார்?”

“ ‘அதை யாருப்பா தொடுறா? இது என் வீட்டுக்காரி மூக்குக் கண்ணாடிக்கு. விட்டா அவ காய்கறிப் பையால துடைச்சுக் கீறிப்புடுவா. அவ எழுந்திரிக்கிறதுக்குள்ள நான் துடைச்சு வச்சிடணும்’னாரு.”

அம்மாள் கையிலிருந்த காய்கறிப் பையை மெல்ல முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

“இந்த பைனாகுலர் ரப்பரை எதால துடைக்கணும்? சொல்லுங்க” என்றாள்.